மாதர் சங்கத் தையற் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபையினருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் வசதி குறைந்த பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுப்பதென்று தீர்மானித்தோம். அப்போது எங்கள் மனதில் இருந்தவை பூப்போட்ட சட்டையும் துணிப்பொம்மையும்தான். முதல் மூன்று மாதமும் அவற்றையே தைத்தோம். சின்னப் பிள்ளைகள் வாயில் வைப்பார்கள் என்பதால் பொம்மைகளுக்குத் தெறி (பொத்தான்) வைக்காமல் நூலாலேயே கண் போட்டோம்.

பிறகு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி நெடுந்தீவுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு தாயார் என்னைத் தனியே கூப்பிட்டு, ட்ரங்குப் பெட்டிக்குள் மடித்தபடி கிடந்த வெள்ளைத் துணியை எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீருடைத் துணி. 1993இல் அரசாங்கம் தொடங்கிய திட்டத்தின்படி துணி இலவசம், தையற்கூலி இலவசமில்லை. "பொம்மை நல்ல வடிவாயிருக்கு அக்கா. உதையும் ஒருக்காத் தைச்சுத் தருவியளோ?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போகமுதல் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்றுமுதல் சீருடைதான் எங்கள் வேலை. பறுவ (பௌர்ணமி) விடுமுறை நாட்களில் வாசிகசாலை மண்டபத்தில் கூடினோம். ஆசிரியைகளும் கந்தோருக்குப் போகிறவர்களும் அன்றைக்குத்தான் வரலாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மெசின் ஓடவில்லை. 2022 மின்வெட்டின்போது தூசு தட்டி எடுத்த கால் மெசின் இரண்டும் இப்போதும் நன்றாக ஓடுகின்றன. கரண்டில் ஓடும் மெசின்தான் அடிக்கடி நூலை அறுக்கிறது.

தைக்கும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சட்டையின் கீழ்மடிப்பில் மூன்று அங்குலம் விடுகிறோம். பிள்ளை வளர்ந்ததும் பிரித்து இறக்கலாம். இறக்கினால் பழைய மடிப்புக் கோடு தெரியும். எங்கள் செம்மண் படிந்த வெள்ளைத் துணியென்றால் சொல்லவே வேண்டாம். அந்தக் கோட்டின்மேலே சிறிய மடிப்பொன்று பிடித்துத் தைத்துவிட்டால் அதுவே அலங்காரமாகிவிடும். இதைச் சொல்லித்தந்தவர் எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர். பெயர் போடக்கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பொம்பிளைப் பிள்ளைகள் கேட்டது ஒன்றே ஒன்று: "அன்ரி, பொக்கற் வையுங்கோ." பஸ் காசு வைக்க இடமில்லையாம். எல்லாச் சட்டைக்கும் வைத்தோம்.

ஒரு பிழையும் நடந்தது. கடையொன்றில் கிடைத்த சிவப்பு வெட்டுத்துண்டுகளைத் தோய்க்காமலே புத்தகப்பைக்கு உள்துணியாகப் போட்டுவிட்டோம். முதல் மழையிலேயே சாயம் கரைந்து கொப்பியெல்லாம் சிவந்துபோனது. பைகளைத் திருப்பி வாங்கி வேறு துணி போட்டுக் கொடுத்தோம். இப்போது எந்தத் துணியும் தோய்த்துக் காய்ந்த பிறகுதான் வெட்டுமேசைக்கு வரும்.

மார்கழியில் இரண்டாவது தடவை புறப்பட்டபோது கடல் கொந்தளிப்பால் படகு ஓடவில்லை. பொதிகளோடு திரும்பி வந்து, தைமாதம்தான் கொடுக்க முடிந்தது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

தெறித்துளை தைக்க ஆள் போதாது. பொறுமையுள்ளவர்கள் பெயர் தரவும். சங்கத்துக் கத்தரிக்கோலால் யாரோ கடதாசி வெட்டியிருக்கிறார்கள். இப்போது அது துணியைக் கடிக்கிறது, வெட்டவில்லை. சாணை பிடிக்கும் வரைக்கும் வருகிற பறுவத்துக்கு அவரவர் கத்தரிக்கோலைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்