காப்பீட்டில் மனைவி பெயரைச் சேர்த்தால் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

மனிதவளப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டில் 'இதரப் பிடித்தம்' என்று ஒரே வரியில் 7,080 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். பி.எஃப். 1,800-ஐயும் கழித்து, 21,600 ரூபாய் சம்பளத்தில் என் கணக்குக்கு வந்தது 12,720. கிளை மேலாளரைக் கேட்டால் அவருக்கும் விவரம் தெரியவில்லை. தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்ட பிறகுதான் தெரிந்தது: மனைவியைக் கம்பெனியின் குழு மருத்துவக் காப்பீட்டில் சேர்த்ததற்குப் பிரீமியம் 6,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080.

நீங்கள் அனுப்பிய படிவத்தில் மனைவியின் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் கேட்டிருந்தீர்கள். எவ்வளவு பிடிப்போம், எத்தனை தவணையில் பிடிப்போம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

எங்களுக்குப் பழக்கமானது இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டு முறை. போன வருடம் 20,400 ரூபாய் சம்பளத்துக்கு 0.75 சதவீதம், அதாவது 153 ரூபாய் என்னிடம் பிடித்தீர்கள். நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், 663 ரூபாய். மனைவி, பிள்ளைகள், நம்மை நம்பியிருக்கும் தாய் தகப்பன் எல்லாரும் அதற்குள்ளேயே அடக்கம். மனைவி பெயரைச் சேர்த்ததற்காக ஒரு பைசாகூடக் கூடவில்லை. மே மாதம் கிடைத்த 1,200 ரூபாய் உயர்வால் இ.எஸ்.ஐ.க்கான 21,000 ரூபாய் சம்பள வரம்பைத் தாண்டினேன். செப்டம்பரோடு சந்தா நின்றது. இனிமேல் கம்பெனி இன்சூரன்ஸ்தான் என்றீர்கள், நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

மன்னார்குடிப் பக்கம் அக்டோபர் என்றால் என்ன மாதம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சம்பா நடவுக் கூலியைக் கையில் கொடுத்தாக வேண்டும். நாற்று பறித்த பெண்களிடம் 'கம்பெனியில் பிடித்துவிட்டார்கள்' என்று சொல்ல முடியாது. கூலியைக் கொடுத்தேன். ஐந்தாம் தேதி வண்டிக் கடன் தவணைக்குக் கணக்கில் பணம் இல்லை. தவணை திரும்பியது, வங்கி அதற்கும் அபராதம் போட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லித் தஞ்சாவூர் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சம்பளச் சீட்டை என் ஃபோனில் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "எனக்காகத்தானே இவ்வளவு பிடிச்சிருக்காங்க? என் பேர எடுத்துடச் சொல்லுங்க." அன்றிலிருந்து ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே, வலி குறைந்துவிட்டது என்கிறாள். வலி குறையவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு தொகையை முன்கூட்டிச் சொல்லாமல் பிடித்ததால் ஒரு பெண் தன் சிகிச்சையையே வேண்டாம் என்கிறாள். இதை நீங்கள் வெறும் கணக்கு விஷயமாகப் பார்க்கக் கூடாது.

அப்புறம் இன்னொன்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய இ.எஸ்.ஐ. சந்தாவுக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அப்படியிருக்க, அக்டோபரிலேயே 'இனி அந்த அட்டை செல்லாது' என்று ஏன் சொன்னீர்கள்? நமது குழுக் காப்பீடு ஏப்ரலில் புதுப்பிக்கப்படுகிறது. அக்டோபரில் சேர்ந்தவளுக்கு ஆறு மாதத்துக்கான பிரீமியம் பிடித்தீர்களா, ஒரு வருடத்துக்கானதா? எங்கள் கிளையில் ஆவணியில் கல்யாணம் ஆன தம்பி ஒருவர் இருக்கிறார். கல்யாணம் ஆன சில வாரங்களுக்குள் பெயர் கொடுக்காவிட்டால் புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. கெடு முடிந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

இ.எஸ்.ஐ. சம்பள வரம்பை 15,000-லிருந்து 21,000 ஆக்கியது 2017 ஜனவரியில். அன்றைய அரிசி விலை என்ன, நடவுக் கூலி என்ன, இன்றைக்கு என்ன? 600 ரூபாய் கூடுதலாக வாங்குவதால் ஒரு குடும்பம் வசதியான குடும்பம் ஆகிவிடுமா? ஊதிய உயர்வு வந்தால் சந்தோஷப்பட வேண்டியவர்கள், வரம்பைத் தாண்டிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். சரி, அது டெல்லியில் கேட்க வேண்டிய கேள்வி. உங்களால் முடிந்ததை உங்களிடம் கேட்கிறேன்.

பிடிப்பதற்கு முன் சொல்லுங்கள். மனைவியைச் சேர்த்தால் எவ்வளவு, பெற்றோரைச் சேர்த்தால் எவ்வளவு, அதில் நிறுவனம் தருவது எவ்வளவு என்று தமிழில் எழுதி, கையெழுத்து வாங்கும் படிவத்திலேயே சேருங்கள். சம்பளச் சீட்டில் 'இதரப் பிடித்தம்' என்று மறைக்காமல் 'மனைவி காப்பீடு' என்று தனி வரியாகக் காட்டுங்கள். தொகையை மாதத் தவணையாகப் பிரித்தால் எங்களால் தாங்க முடியும்.

என்னிடம் பிடித்த 7,080-க்கு எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பாதுகாப்பு என்பதை எழுத்தில் தாருங்கள். கூடுதலாகப் பிடித்திருந்தால் அடுத்த சம்பளத்தில் திருப்பிப் போடுங்கள். என் மனைவியின் பெயரை நான் எடுக்கப் போவதில்லை. அவளுடைய காப்பீட்டு அட்டை இன்னும் வந்து சேரவில்லை. தயவுசெய்து இந்த வாரத்துக்குள் அனுப்பிவையுங்கள், ஆஸ்பத்திரியில் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நன்றியுடன்,
மன்னார்குடிக் கிளைப் பணியாளர்