ஆறாவது வாரத்திலேயே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செமஸ்டர் தேர்வு வந்துவிட்டால் பல கல்லூரிகளில் ஹால் டிக்கெட்டுக்கு முன்னால், ஆசிரியர்கள் நடத்தும் விதம் பற்றி மாணவரிடம் கேட்கும் ஒரு ஃபீட்பேக் ஃபார்ம் வந்து நிற்கும். ஐந்து பேப்பர், பேப்பருக்கு 20 கேள்வி, ஆக 100 டிக். மாணவர் பஸ்ஸில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் '4' போட்டு இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் என்ன எழுதினாலும் அது அடுத்த வருடம் வரும் பிள்ளைகளுக்குத்தான் உதவும்.

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் (NAAC) குழு நடத்தும் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பில் 21 கேள்விகள் உண்டு. 20-க்கு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒன்றுக்கு எழுத வேண்டும். அது கல்லூரியை மொத்தமாக எடைபோடுவதற்கானது. அதே கேள்விகளை நகல் எடுத்து ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஓட்டுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. 'ஆசிரியர் தெளிவாகவும் சுவையாகவும் நடத்துகிறாரா?' என்று கேட்டால், தெளிவு உண்டு, சுவை இல்லை என்பவர் எதை டிக் செய்வார்? ஒரு கேள்வியில் ஒரு விஷயம் போதும்.

சராசரியை நம்புவது அடுத்த தவறு. 40 பேரில் 20 பேர் '5', 20 பேர் '1' போட்டாலும் சராசரி 3. 40 பேரும் '3' போட்டாலும் அதே 3. '5', '1' என்று பிரிந்த அந்த வகுப்பில், தமிழ்வழியில் படித்து வந்த பாதிப் பேருக்கு ஆங்கில விளக்கம் எட்டாமல் போயிருக்கலாம். சராசரி அதை மறைத்துவிடும். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எத்தனை பேர் போட்டார்கள் என்று பக்கத்திலேயே அச்சிட வேண்டும். 60 பேர் வகுப்பில் 18 பேர் மட்டும் பதில் தந்திருந்தால் அதை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது. எல்லோரும் கட்டாயமாகப் படிக்கும் அல்லைடு கணிதத்தையும் மாணவரே விரும்பி எடுத்த எலெக்டிவ் பேப்பரையும் ஒரே தராசில் வைப்பதும் நியாயமில்லை.

இதற்கெல்லாம் பதிலாக, ஆறாவது வாரத்தில் வகுப்பு நேரத்திலேயே பத்து நிமிடம் ஒதுக்கலாம். முதல் இன்டர்னல் தாளைத் திருத்திக் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். மார்க் தெரிந்துவிட்டால் அந்தக் கோபமும் மகிழ்ச்சியும் பதிலில் ஏறிவிடும். ஆளுக்கு அரைத்தாள், மூன்று கேள்வி: எது புரிய உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, எதை மாற்றினால் நல்லது. தமிழிலேயே எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாதிப் பேர் 'குட்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆசிரியர் வெளியே போய்விட வேண்டும். தாள்களை ஒரு மாணவர் வாங்கிக் கலைத்து உறையிலிட்டு, வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் கொடுக்கட்டும். அவர் தட்டச்சு செய்து தருவதே நல்லது. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடும் ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு! முதுகலையில் எட்டுப் பேர் மட்டுமே உள்ள வகுப்பு என்றால் இந்த ஏற்பாடு இல்லாமல் யாரும் உண்மை எழுத மாட்டார்கள்.

'3.1' என்ற எண்ணை வைத்து ஆசிரியர் ஒன்றும் செய்ய முடியாது. 'எழுதி முடிப்பதற்குள் போர்டை அழித்துவிடுகிறார்' என்று பதினோரு தாளில் இருந்தால் மறுநாளே செய்ய முடியும். போர்டை மூன்று பத்தியாகப் பிரித்து, மூன்றாவது நிறைந்த பிறகே முதல் பத்தியை அழித்தால் போதும்.

ஒரு வாரத்துக்குள் வகுப்பில் ஐந்து நிமிடம் பேசிவிட வேண்டும்: இதை மாற்றுகிறேன், இதை மாற்ற முடியாது, காரணம் இது. இன்டர்னல் மார்க்கைக் கூட்டிப் போடச் சொன்னால் முடியாது என்று நேராகச் சொல்லலாம். கடைசி ஹவர் முடிந்து ஓடினாலும் உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை என்றால், அது டைம்டேபிள் போடுபவரிடம் போக வேண்டிய விஷயம். இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் அடுத்த முறை தாள் வெறுமையாகவே வரும். தட்டச்சு செய்த பதில்கள் அந்த ஆசிரியரிடமே இருக்கட்டும். பதவி உயர்வுக் கோப்பில் சேர்க்க வேண்டாம்.

இரட்டைப்படை செமஸ்டரில் பொங்கல் விடுமுறை குறுக்கே வரும். ஊருக்குப் போய்த் திரும்பிய முதல் நாளில் கேட்காமல், இரண்டு வகுப்பு நடந்த பிறகு கேட்கலாம்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.