மணக்குடிக்கு வந்த நண்டுதின்னிகள்: எல்லாருக்கும் நன்றி

மேலமணக்குடி, கீழமணக்குடி, பள்ளம், புத்தளம் ஊர்களில் உள்ள அன்பானவர்களுக்கும், நாகர்கோவிலிலிருந்தும் திருவனந்தபுரம், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்தும் எங்களோடு நின்ற பறவை நண்பர்களுக்கும் வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடி பொழிமுகத்தில், அதாவது பழையாறு கடலில் சேரும் இடத்தில், தங்கியிருந்த இரண்டு நண்டுதின்னிப் பறவைகளும் போய்விட்டன. பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாலையில் மணல்திட்டில் நின்றன. மறுநாள் காலையில் இல்லை. அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. எவரும் விரட்டி அவை போகவில்லை, கிளம்ப வேண்டிய பருவத்தில் கிளம்பியிருக்கின்றன. கார்த்திகை மழை ஓய்ந்தபோது வந்தவை பங்குனி வரை ஒரே இடத்தில் நிம்மதியாக இரை தின்று இருந்தன என்றால், அதற்கு நீங்கள்தான் காரணம். அதைச் சொல்லத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள், அதனால் யார் பெயரையும் போடவில்லை. வாசிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தப் பறவைக்காக இத்தனை செய்த பலர் அதைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. ஆகவே முதலில் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு, நீண்ட சாம்பல்நீலக் கால்கள். தலைக்குப் பொருந்தாத அளவுக்குத் தடித்த கறுப்பு அலகு. தூரத்தில் பார்த்தால் நம் உப்பளங்களில் சாதாரணமாக நிற்கும் நெடுங்கால் உள்ளான் என்றே தோன்றும். ஆனால் நெடுங்கால் உள்ளானுக்குக் கால் சிவப்பு, அலகு ஊசி. இதன் அலகோ நண்டின் ஓட்டை உடைப்பதற்கென்றே அமைந்தது. உலகத்தில் இதற்கு நெருங்கிய சொந்தம் என்று வேறு பறவை கிடையாது. இந்த ஓர் இனத்துக்காகவே தனிக் குடும்பம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

இது கூடு வைக்கும் இடம் ஓமன், ஈரான், ஐக்கிய அரபு அமீரகம், எரித்ரியா போன்ற நாடுகளின் மணல் கரைகளும் தீவுகளும். அங்கே கூட்டமாகச் சேர்ந்து, மணலுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் வளை தோண்டி, பெரும்பாலும் ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். வெயிலில் சூடேறும் மணலே முட்டைக்கு அடைகாப்பில் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மற்றக் கரைப்பறவைகளில் பெரும்பாலானவற்றின் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடித் தாமாக இரை தேடும். நண்டுதின்னிக் குஞ்சு அப்படி இல்லை. வளைக்குள்ளேயே இருக்கும், தாயும் தகப்பனும் நண்டு கொண்டுவந்து கொடுக்க வேண்டும். இறகு முளைத்துக் கடல் தாண்டிப் பறந்து வந்த பிறகும், குளிர்காலக் கரையில் பெரிய பறவையின் பின்னாலேயே நடந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

மணக்குடிக்கு வந்ததும் அப்படி ஒரு சோடிதான். ஒன்று வளர்ந்தது, ஒன்று இந்த வருடத்துக் குஞ்சு. வளர்ந்தது தாயா தகப்பனா என்று தெரியாது, இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். குஞ்சின் முதுகு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக இருந்தது. பெரியது ஒரு நண்டைப் பிடித்ததும், சேலை முந்தானையைப் பிடித்து இழுக்கும் பிள்ளைபோல, சிறியது தலையைத் தாழ்த்திச் சிணுங்கிக்கொண்டே கூடப் போகும். இது தெரிந்தால், நீங்கள் செய்ததன் அளவு புரியும். பெரிய பறவையை ஒருவர் ஒரு தடவை பதறவைத்துப் பறக்கவிட்டால், பட்டினி கிடப்பது இரண்டு வயிறு.

முதல் நன்றி நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கும் அந்தத் தங்கைக்கு. பொழிமுகத்தில் ஆலா என்ற கடற்பறவைகளைப் படம் எடுக்கப் போனவர், கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பறவை மட்டும் வேறு மாதிரி இருப்பதைக் கவனித்தார். கவனித்ததும் கிட்டே ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்தே எடுத்த மங்கலான படங்களையும், பறவை நடந்த விதம், இரை பிடித்த விதம் பற்றிக் குறித்த குறிப்பையும் எங்களுக்கு அனுப்பினார். அந்தக் குறிப்பு படத்தைவிட உதவியாக இருந்தது. சில எட்டு வேகமாக நடந்து, சட்டென்று நின்று, குனிந்து கொத்துகிறது என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் படித்தே ராமநாதபுரத்து நண்பர், "நம்ம ஆளுதான், ராமேசுவரம் பக்கம் பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். திருவனந்தபுரத்து நண்பர்கள் மறுநாள் வந்து தொலைநோக்கியில் பார்த்து உறுதி செய்தார்கள்.

அப்புறம்தான் பெரிய கேள்வி வந்தது. இந்த இடத்தை வெளியில் சொல்லலாமா? அபூர்வப் பறவை வந்தால் இடத்தை மூடி வைப்பது பல ஊர்களில் வழக்கம். கூட்டம் வந்து கெடுத்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மணக்குடி பொழிமுகம் யாரும் வராத காடு அல்ல. ஒரு பக்கம் வள்ளங்கள், ஒரு பக்கம் கரையில் நின்று கரமடி வலை இழுப்பு, நடுவில் பையன்கள் பந்து விளையாடும் மணல். அங்கே எதையும் மூடி வைக்க முடியாது. கரைக்குச் சொந்தக்காரர்களிடம் முதலில் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்களுக்கு அப்புறம் சொல்லலாம் என்று எங்களில் மூத்த ஒருவர் சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை இந்தப் பருவம் முழுக்கக் கண்ணால் பார்த்தோம். அவருக்கு என் தனிப்பட்ட வணக்கம்.

அப்படிப் போய்ச் சொன்னபோது, மேலமணக்குடி அண்ணன் ஒருவர் எங்களுக்கு முன்பே அந்தப் பறவையைப் பார்த்து வைத்திருந்தார். "கொக்குமில்ல, நாரையுமில்ல மக்களே. மூக்கப் பாத்தாலே தெரியும், நண்ட ஒடைக்க வச்சது" என்றார். அவர் சொல்லித்தான் எங்களுக்குப் பொழியின் போக்கு பிடிபட்டது. பொழி மணலால் அடைந்து கிடந்தால் காயலில் நீர் ஏறிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கும். பொழி திறந்தால் நீர் வடிந்து திட்டு வெளியே தெரியும். திட்டு தெரிந்தால்தான் பறவைக்குச் சாப்பாடு. நம் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் அளவே குறைவு என்பதால், அந்தச் சில மணி நேரம் மிக முக்கியம். எந்த நேரத்தில் திட்டு வெளியே வரும் என்று அவர் போன் செய்து சொல்வார். அந்த நேரத்தில் திட்டுக்கு மறுபக்கமாகத் தன் வள்ளத்தை ஓட்டிப் போவார். சுற்றிப் போனால் டீசல் செலவு கூடும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணெய்க்கு நாங்கள் கொடுத்த பணத்தையும் வாங்க மறுத்துவிட்டார்.

கரமடி இழுக்கும் அண்ணன்மாரும் கயிற்றைச் சற்று மேற்கே தள்ளி வைத்துக்கொண்டார்கள். கருவாடு காயப் போடும் அக்காமார் நாய்களைப் பார்த்துக்கொண்டார்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கரைப்பறவைகளுக்கு மனிதர்களைவிடப் பெரிய தொந்தரவு நாய்கள். மணலில் ஓய்வெடுக்கும் கூட்டத்தை ஒரு நாய் ஓடி வந்தே கலைத்துவிடும். கருவாட்டைக் காக்கக் கம்போடு உட்கார்ந்திருக்கும் அக்காமார், திட்டின் பக்கம் நாய் போனாலும் எழுந்து விரட்டினார்கள். யாரும் கேட்டுக்கொள்ளாமல் அவர்களாகச் செய்தது இது. பங்குத்தந்தையும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஊராருக்கு இரண்டு வார்த்தை சொன்னார். அதன் பிறகு, திட்டுக்கு நேராக நடந்து வந்த எந்த வெளியூர்க்காரரையும் ஊர்ச் சிறுவர்களே நிறுத்தி விசாரித்தார்கள்.

பந்து விளையாடும் தம்பிகளே, உங்களுக்குத் தனி நன்றி. நம் கடலோரத்தில் கால்பந்து எப்படிப்பட்ட விஷயம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் போனீர்கள். அங்கே மணல் அவ்வளவு இறுக்கமில்லை, ஓட்டமும் சரியாக வராது. உங்களில் ஒருவர் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, குஞ்சு நண்டு கேட்பதை அப்படியே நடித்துக் காட்டினார். அன்று மாலை முழுக்க ஊரே சிரித்தது. அதே தம்பிதான் பின்னால் மணலில் வளை போட்டிருக்கும் நண்டு எந்த நேரத்தில் வெளியே வருகிறது என்று பார்த்து எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். நண்டுதின்னி மாலை மங்கும் நேரத்திலும் இரவிலும் இரை தேடும் பறவை. இரவில் நாங்கள் அங்கே இல்லை, கரையில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

ஒரு நாள் ஒருவர் ட்ரோன் கொண்டுவந்தார். அது எழும்பியதும் உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் மொத்தமாகப் பறந்தன, நண்டுதின்னிகளும் காயலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. வலை காயப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் போய்ப் பொறுமையாகச் சொல்லி அதை இறக்க வைத்தார். சத்தம் போடவில்லை, படம் எடுத்து மிரட்டவும் இல்லை. வந்தவரும் புரிந்துகொண்டு, அடுத்த முறை தொலைநோக்கியோடு வந்து தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார். இருவருக்கும் நன்றி.

இனி பறவை நண்பர்களுக்கு. என் கருத்தில் இந்தப் பருவத்தின் மிகப் பெரிய உதவி, "இன்று காணவில்லை" என்று வந்த செய்திகள். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களில் தேடியவர்கள், ராஜாக்கமங்கலம் பக்கம் போனவர்கள், மேற்கே தேங்காப்பட்டணம் பொழிமுகம் வரை போய்ப் பார்த்தவர்கள், எல்லாரும் வெறும் கையோடு திரும்பினாலும் தேதியும் நேரமும் போட்டு எழுதி அனுப்பினீர்கள். அபூர்வப் பறவையைப் பார்த்தால் எழுதுவதற்கு யாரையும் தூண்ட வேண்டியதில்லை. பார்க்காததை எழுதப் பொறுமை வேண்டும். நீங்கள் எழுதியதால்தான், இந்த இரண்டும் பெரும்பாலும் மணக்குடியை விட்டு நகரவில்லை என்றும், நம் கடற்கரையில் வேறு நண்டுதின்னிகள் கண்ணில் படவில்லை என்றும் ஓரளவு நம்பிச் சொல்ல முடிகிறது. பொங்கல் நாட்களில் ஆண்டுதோறும் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் இந்தப் பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. தேடப் போன இடத்தில் கல்திருப்பி உள்ளானையும் நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவையான குதிரைமலைக் கோட்டானையும் எண்ணி எழுதியவர்களுக்கு இன்னொரு நன்றி.

வெளியூரிலிருந்து வந்து, பாலத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியவர்களையும் மறக்க முடியாது. ஐந்தாறு மணி நேரம் பயணம் செய்து வந்தவருக்கு, இன்னும் நூறு அடி கிட்டே போனால் நல்ல படம் கிடைக்கும் என்பது தெரியும். போகவில்லை. ஒரு நண்பர் தொலைநோக்கியில் மங்கலாகப் பார்த்த அந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளே போதும் என்று சொல்லிவிட்டு, கீழமணக்குடியில் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அபூர்வப் பறவையைத் தேடி வருபவர்கள் ஊரில் டீ குடித்து, சாப்பிட்டு, நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போவது நல்ல பழக்கம். அடுத்த முறை ஊர் நம்மை வரவேற்குமா என்பது அதில்தான் இருக்கிறது.

வனத்துறையின் காவலர் ஒருவர் தன் பணி நேரம் முடிந்த பிறகும் மாலைகளில் வந்து நின்றார். அவருக்கும் நன்றி. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நாம் எல்லாரும் மகிழ்ந்தோம். சுசீந்திரம் பக்கமாக வரும் பழையாறு கடலில் சேரும் இடம் இந்த மணக்குடி. குளத்தில் நிற்கும் நாரையைப் பார்க்க வருகிறவர்கள் இனிப் பொழிமுகத்துக்கும் வருவார்கள் என்று நினைக்கிறேன். பறவையியலாளர் சலீம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராய்ந்தபோது நம் மாவட்டம் திருவிதாங்கூருக்குள் இருந்தது. அன்று தொடங்கி இந்தக் கரைப் பறவைகளைப் பற்றி எழுதி வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இந்த வருடம் அந்தக் கணக்கில் மீனவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். இதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சியை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது. குஞ்சின் முதுகும் பின்தலையும் தெரியும் படம் யாரிடமாவது இருந்தால், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்த தேதியோடு அனுப்புங்கள். சாம்பல் இறகு எப்போது மாறத் தொடங்கியது என்று பார்க்க வேண்டும். இரவில் அவற்றின் குரலைக் கேட்டவர்கள், எந்த நேரம், எந்தத் திசை என்று நினைவிருப்பதைச் சொன்னால் எழுதிக்கொள்கிறோம். மேலமணக்குடி அண்ணன் வரும் கார்த்திகையிலும் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். தேங்காப்பட்டணம் பக்கம் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் முன்வந்திருக்கிறார்கள், ராஜாக்கமங்கலத்துக்கு இன்னும் ஆள் வேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
நாகர்கோவில் பறவை நண்பர்கள் சார்பாக