வெள்ளிக் கரண்டிகளைச் செய்தித்தாளில் சுற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கறுத்துப்போன வெள்ளிக் கரண்டிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வழிகளைக் கேட்பவர்கள், அவை கறுக்காமல் எடுத்து வைக்கும் முறையிலும் அக்கறை காட்ட வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் சிறிதளவு வெள்ளி கழன்றுபோகிறது. முலாம் பூசியவற்றுக்கு இது பெருங்கேடு.

வெள்ளியைக் கறுக்கச் செய்வது ஆக்சிஜன் மட்டும் அல்ல. காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து, வெள்ளி சல்பைடு என்னும் கரும்படலத்தை உண்டாக்குகின்றன. ஈரப்பதம் அதை விரைவுபடுத்துகிறது. ஆகவே கந்தகம் கலந்த பொருள்களான கம்பளித் துணியிலோ செய்தித்தாளிலோ சுற்றுவதும், ரப்பர் வளையத்தால் கட்டுவதும் கூடவே கூடாது. ரப்பர் வளையம் பட்ட இடத்தில், கைப்பிடியின் குறுக்கே விழும் கருங்கோடு எளிதில் போகாது.

கழுவியவுடன், முட்கரண்டியின் இடுக்குகளிலும் ஈரம் தங்காமல் துடைத்து, அமிலமற்ற மெல்லிய தாளிலோ, கந்தகத்தை ஈர்த்துக்கொள்ளும் வெள்ளித் துகள்கள் பொதிந்த துணியிலோ சுற்றி, காற்றுப் புகாத பாலித்தீன் பையில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தால் நெடுநாள் நிறம் மாறாது. பி.வி.சி. என்னும் குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகள் வேண்டாம். உப்பும் முட்டையும் பட்ட கரண்டிகளை உடனே கழுவிவிடுவது அவசியம். வெள்ளிக் கரண்டிகளை அடிக்கடி எடுத்துப் புழங்குவதும் நல்லதே. இப்படிப் பாதுகாக்காமல் பெட்டியிலேயே கிடப்பவைதாம் விரைவில் கறுக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்