வெறுங்கையோடு திரும்பும் படகையும் எழுதுங்கள்

திருகோணமலை மாவட்டக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்கள அதிகாரிகளுக்கும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலைக்கு எத்தனை அனுமதி என்பதை, கடலில் மீன் எவ்வளவு என மதிப்பிடும் மீன்வளக் கணிப்பு மாதிரியை வைத்துத் தீர்மானிப்பதானால், முதலில் இறங்குதுறைப் பதிவேட்டைத் திருத்த வேண்டும்.

மீன்வள அறிஞர் ஷேஃபர் 1954இல் தந்த மாதிரிக்குப் பிடியும் வேண்டும், அதைப் பிடிக்க எவ்வளவு வலையும் நேரமும் செலவானது என்ற தொழில் முயற்சியும் வேண்டும். பத்து வலைத்துண்டு ஏற்றிய படகு இருபது ஏற்றினாலும் பதிவில் ஒரு படகுதான். பத்துப் படகில் ஆறு தலா 30 கிலோ கொண்டுவந்து, நான்கு வெறுமையாகத் திரும்பினால் உண்மைச் சராசரி 18 கிலோ. அந்த நான்கையும் விட்டுவிட்டால் 30. சுருக்குவலையில் சிக்கல் இன்னும் பெரிது: மீன் குறைந்தாலும் எஞ்சியது கூட்டமாகவே நிற்கும், தேடி வளைத்தால் பிடி குறையாது. ஆகவே தேடிய மணிநேரத்தையும் எழுத வேண்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1992இல் காட் மீன்பிடியையே நிறுத்த நேர்ந்ததற்கு இப்படிக் குறையாத பிடியை நம்பியதும் ஒரு காரணம்.

சூடை போன்ற குறுகிய ஆயுள் மீனுக்கு நீள அளவை கைகொடுக்கும். மொத்த இறப்பு வீதம் காண, அந்த மீன் வளரக்கூடிய உச்ச நீளத்திலிருந்து, வலையில் முழுமையாகப் படத் தொடங்கும் நீளமும் அதற்கு மேலும் உள்ள மீன்களின் சராசரி நீளத்தைக் கழித்து, அதை வளர்ச்சி வீதத்தால் பெருக்கி, சராசரிக்கும் அந்தத் தொடக்க நீளத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, உச்சம் 24 செ.மீ., வளர்ச்சி வீதம் ஆண்டுக்கு 1, தொடக்கம் 12, சராசரி 15 என்று வைத்தால் விடை 3. சிறியதைக் கருவாட்டுக்குப் பிரித்த பிறகு அளந்து சராசரி 16 ஆகிவிட்டால் விடை 2. இயற்கை இறப்பு 1.5 எனக் கழித்தால் மீன்பிடியால் வரும் இறப்பு முதலில் 1.5, பிறகு 0.5. ஒரு சென்ரிமீற்றர் பிசகில் மூன்று மடங்கு! பிறகு மாதிரி பொய் சொல்கிறது என்று திட்டுவோம்.

எனவே தரம் பிரிக்குமுன், கைக்கு வந்த பெட்டியிலிருந்து தெரிவு செய்யாமல் நூறு மீனாவது எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால்கவடு வரை அரை சென்ரிமீற்றர் வகுப்பாக அளவுப் பலகையில் அளக்க வேண்டும். கூடவே வலைக் கண்ணியின் (துளையின்) அளவையும் எழுத வேண்டும். செவுள்வலை தன் கண்ணிக்கு ஏற்ற பருமனைத்தான் பிடிக்கும். அந்தச் சராசரி வலையினுடையது, கடலினுடையதல்ல.

கொட்பே, கிண்ணியா, மூதூர், புல்மோட்டை துறைகளில் மாதம் இருமுறை, நிலவுக் காலத்தில் ஒன்றும் நிலவில்லாத இருட்டுக் காலத்தில் ஒன்றுமாக, இதைச் செய்யலாம். வாடை ஓய்ந்து தொழில் சூடுபிடிக்குமுன் பலகைகளும் புதிய படிவமும் துறைகளுக்கு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
மீன்வளக் கணிப்பில் ஈடுபட்டிருப்போர்,
திருகோணமலை