மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலியா?

மாப்ளே,

நாவலின் முதல் பாதி வந்து சேர்ந்தது. இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டித் தீர்த்துக்கொள், தகும். இங்கே எல்லோரும் சுகம். சோடாபுட்டி பிரதியைப் பிடுங்கிப் படித்துவிட்டு, கொலைகாரன் யாரென்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிகிறது என்கிறான். அவன் கிடக்கிறான். எனக்குக் கவலை கொலைகாரன் கையில் இருக்கும் சாமானைப் பற்றித்தான்.

முதல் அத்தியாயத்தில் அது ரிவால்வர். நான்காவதில் அதிலிருந்து மேகசினைக் கழற்றுகிறான்! தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டிதான் மேகசின். ரிவால்வரில் அது ஏதடா? அதில் இருப்பது சிலிண்டர் என்ற சுழலும் உருளை. பெரும்பாலும் 6 அறை, அறைக்கு ஒரு தோட்டா. சுட்ட பிறகு காலி உறைகள் அந்த அறைகளிலேயே கிடக்கும். சிலிண்டரைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை அழுத்தித்தான் வெளியே தள்ள வேண்டும். அப்படியிருக்க, உன் இன்ஸ்பெக்டர் தரையில் பொறுக்கும் 3 உறைகள் வானத்திலிருந்தா விழுந்தன? பேசாமல் பிஸ்டலாக மாற்றிவிடு. சுட்டதும் ஸ்லைடு என்ற நகரும் மேல்பகுதி பின்னால் பாயும். எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி உறையின் விளிம்பைப் பிடித்து இழுக்கும். எஜெக்டர் என்ற முனையில் இடித்து உறை வெளியே தெறிக்கும். பெரும்பாலும் வலப்பக்கம்.

பிரேதப் பரிசோதனையில் டாக்டர் முழுத் தோட்டாவை எடுக்கிறாரே, அதையும் அடித்துவிடு. உறை, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு என நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும். குழலுக்குள் திருகலாக ஓடும் ரைஃப்ளிங் என்ற வரிப்பள்ளம் அதன் மேல் கீறல் போட்டிருக்கும். தடயவியல்காரர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது அதைத்தான். கார்டைட் நெடி என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். உன் கதை நடப்பது செல்போன் காலத்தில். கார்டைட் என்ற வெடிமருந்து எந்தக் காலத்துச் சரக்கு!

இதெல்லாம் சில்லறை. ஒன்பதாம் அத்தியாயம்தான் வயிற்றைக் கலக்கியது. இன்ஸ்பெக்டர் பிஸ்டலின் மேகசினை உருவிவிட்டு, "காலி, பயப்படாதே" என்று பையன் கையில் கொடுக்கிறார். மேகசின் வெறும் கிட்டங்கிதான். சுடத் தயாராக இருக்கும் தோட்டா அங்கே இல்லை. குழலின் பின்முனையில் சேம்பரில் உட்கார்ந்திருக்கிறது. மேகசின் போனாலும் அது போகாது. மேகசின் இல்லாவிட்டால் சுடாதபடி பூட்டு வைத்த பிஸ்டல்களும் உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. நீ எழுதியிருக்கும் கிளாக் 17-இல் கிடையாது. கட்டைவிரலால் தட்டும் சேஃப்டியும் அதில் வழக்கமாக வராது. பையன் ட்ரிகரை இழுத்தால் வெடிக்கும்.

காலி செய்ய வரிசை உண்டு. விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, குழல் வாய் ஆளில்லாத திசையில். முதலில் மேகசினை உருவ வேண்டும். அப்புறம் ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்தால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்திவைத்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, இருட்டென்றால் விரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் வம்பு: முதலில் ஸ்லைடை இழுத்தால் ஒரு தோட்டா விழும், சரி, ஆனால் ஸ்லைடு முன்னால் திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்ததைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேம்பரில் வைத்துவிடும். அதற்குப் பிறகு மேகசினை உருவி என்ன பயன்? விழுந்த தோட்டாவைக் கண்ணால் பார்த்த தைரியம் வேறு சேர்ந்துகொள்ளும்.

உன் இன்ஸ்பெக்டரை இந்தத் தப்பைச் செய்யவிடேன். அவசரத்தில் வரிசையை மாற்றட்டும், பையன் கையில் அது வெடிக்கட்டும். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவருக்கு வரும் சஸ்பென்ஷனுக்கு இப்போது காரணமே இல்லை, அதுவும் கிடைத்துவிடும்.

மீதியைச் சீக்கிரம் அனுப்பு. அதில் சைலன்சர் வருகிறதாம், சோடாபுட்டி சொன்னான். தயவுசெய்து "உஸ்" என்று மட்டும் எழுதிவிடாதே. அது சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். குண்டு ஒலியைவிட வேகமாக, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டருக்கு மேல் போனால், காற்றைக் கிழிக்கும் சடார் சத்தத்தை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது.

உன்,
கொட்டாங்குச்சி