ஒலிவாங்கியை எங்கே வைப்பது? பொப் பாடகர் ஒருவருக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்புள்ள அண்ணைக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது, "எப்படியடா இருந்தது?" என்று கேட்டீர்கள். நான் வயர்களைச் சுற்றியபடி, நிமிர்ந்து பார்க்காமலே, "நல்லாயிருந்தது" என்றேன். முப்பது வருடங்களாக உங்கள் மேடைகளுக்கு ஒலியமைத்து வருபவன் உங்களிடம் சொல்லக்கூடாத பொய் அது. உண்மையை எல்லோரும் படிக்கும்படி எழுதலாமா என்று பிறகு தொலைபேசியில் கேட்டபோது, "எழுது, என்ரை பெயரை மட்டும் போடாதை" என்றீர்கள். போடவில்லை.

எழுபது வயதைத் தாண்டிய பொப் பாடகர் ஒருவர் ஒப்பெரா என்னும் மேற்கத்திய இசை நாடகப் பாடல்களையும் நம்முடைய கீர்த்தனைகளையும் ஒரே மேடையில் பாடப் போகிறார் என்றவுடன், "பைலாக்காரனுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம்முடைய பொப் பாடகர்கள் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய காலத்திலும் இதே முகச்சுளிப்பு இருந்தது. அந்தப் பாடல்கள் இன்றும் நம்முடைய கலியாண மண்டபங்களில் ஒலிக்கின்றன. எனவே நீங்கள் எதைப் பாடுகிறீர்கள் என்பதில் எனக்கு வழக்கில்லை. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் ஒப்பெராவில் வரும் 'நெசுன் டோர்மா'வைத் தொடங்கிய கணத்தில் உங்கள் குரல் எங்கே போனது என்பதுதான் என் கேள்வி. தாடையை இறக்கி, உயிரெழுத்துகளையெல்லாம் உருட்டி, இல்லாத நடுக்கத்தைத் தொண்டையில் வரவழைத்து, யாரோ ஒரு இத்தாலியரின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றீர்கள். கோட்டு பெரிதாக இருந்தது. உள்ளே நீங்கள் தெரியவில்லை.

ஒப்பெராக் குரல் அப்படி ஒலிப்பதற்குக் காரணம் அழகு மட்டுமன்று, தேவை. ஒலிவாங்கி இல்லாத காலத்தில், ஒரு முழு இசைக்குழுவைத் தாண்டி, மேல்மாடியின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் போய்ச் சேர வேண்டியிருந்தது. இசைக்குழுவின் ஒலிவலு 500 ஹேர்ட்ஸ் அதிர்வெண் அளவில் மிகுந்து, மேலே போகப் போகக் குறைகிறது; பயிற்சி பெற்ற பாடகர், குறிப்பாக ஆண் பாடகர், தொண்டையையும் வாயறையையும் அமைத்துக்கொள்ளும் விதத்தால் 3000 ஹேர்ட்ஸ் அளவில் தம் குரலின் வலுவைத் திரட்டுகிறார். இசைக்குழு விட்டுவைத்த அந்த இடைவெளியின் வழியே குரல் நம் காதுக்கு வருகிறது. சுவீடனைச் சேர்ந்த குரல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் இதை அளந்து விளக்கியிருக்கிறார். பல வருடப் பயிற்சியால் வருகிற அந்த ஒளிர்வை இரண்டு மாதத்தில் நடித்துக் காட்ட முடியாது. காட்டத் தேவையுமில்லை, ஏனென்றால் அந்த வேலையைச் செய்யத்தான் நான் இருக்கிறேன், என் பெட்டிகள் இருக்கின்றன.

நீங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்ளினையே எடுத்துக்கொள்வோம். 1998 பெப்ரவரி 25 அன்று நியூயோர்க்கில் கிராமி இசை விருது விழா நடந்துகொண்டிருந்தபோது, இத்தாலிய ஒப்பெராப் பாடகர் பவரோட்டி தொண்டை நோவினால் பாட இயலாது என்று தெரிவித்துவிட்டார். இரண்டு நாள்களுக்கு முன்பு, அவரைப் பாராட்டிய நிகழ்ச்சியிலேயே இதே 'நெசுன் டோர்மா'வைப் பாடியிருந்த அரீதா, கொஞ்ச நேர அவகாசத்தில் அவருக்குப் பதிலாக மேடையேறினார். இசைக்குழுவின் கையில் இருந்த தாள்கள் பவரோட்டியின் சுருதிக்கு எழுதப்பட்டவை. அந்தச் சுருதியிலேயே பாடினார். ஆனால் பவரோட்டியாகப் பாடவில்லை. போதகரின் மகளாகத் தேவாலயத்தில் வளர்ந்த குரல் எப்படி வளைந்து, இழுத்து, எகிறுமோ அப்படியே பாடினார். அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது துணிச்சலை மட்டுமே. அவர் தம் குரலைக் கைவிடாமல் வைத்திருந்ததை விட்டுவிட்டீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பாடலின் முற்பகுதி, ஊரே உறங்கக் கூடாது என்று இளவரசி கட்டளையிட்ட இரவில், ஒரு மனிதன் தோட்டத்தில் தனியே நின்று தனக்குத் தானே பேசுவது. அதற்கு ஏன் முழக்கம்? ஒலிவாங்கியை உதட்டருகே கொண்டுவந்து, பழைய வானொலி நாட்களில் மெல்லிசை பாடியதுபோல் அதைச் சொல்லுங்கள். கடைசியில் வருகிற 'வின்செரோ'வுக்கு ('வெல்வேன்') அப்போதுதான் உயரம் கிடைக்கும். டி மேஜரில், நம்மவர் கணக்கில் இரண்டு கட்டையில் முடிகிற பாடலை நீங்கள் தாராளமாக இறக்கிக்கொள்ளலாம்; யாரும் வழக்குப் போட மாட்டார்கள். புச்சீனியே அந்த ஒப்பெராவை முடிக்காமல் 1924 இல் இறந்துபோனார், முடிவை இன்னொருவர் எழுதினார். தொடவே கூடாத சிலை அன்று அது.

பாடல்களைத் தெரிவு செய்யும்போது, ஒவ்வொரு பாட்டும் எத்தனை பெரிய அறைக்காகப் பிறந்தது என்று பாருங்கள். 2006 இல் ஆங்கிலப் பொப் பாடகர் ஸ்டிங் ஒரு முழு இசைத்தட்டைப் பழங்கால இசையமைப்பாளர் ஜோன் டௌலண்டின் பாடல்களுக்கு ஒதுக்கினார். லூட் என்னும் நரம்புக் கருவியோடு பாடுகிற அந்தப் பாடல்களின் முதல் தொகுதி 1597 இல் அச்சானபோது, ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடும்படி வெவ்வேறு திசைகளில் பக்கங்களை அமைத்திருந்தார்கள். மேசையளவு பாட்டு அது. பொப் பாடகரின் மெல்லிய குரலும் ஒலிவாங்கியும் அதற்குப் பொருந்தியதில் வியப்பென்ன? எல்விஸ் 1960 இல் பாடிய 'இட்ஸ் நவ் ஓர் நெவ'ரின் மெட்டும் 1898 ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் பாட்டான 'ஓ சோலே மியோ'. ஒப்பெராப் பாடகர்கள் விரும்பிப் பாடினாலும் அது எந்த ஒப்பெராவிலும் உள்ளதன்று. உங்கள் பட்டியலில் அத்தகைய பாட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாம் மலையுச்சிகளாகவே இருக்கின்றன.

தமிழ்ப் பகுதிக்கு வருகிறேன். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'வருகலாமோ'வைக் கடைசியில், ஒரு துக்கடா போல, இரண்டு நிமிடத்துக்கு வைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த நிகழ்ச்சியின் நடுத்தூண் அதுதான். நந்தனார் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிற அந்த மாஞ்சி ராகப் பாட்டைவிட ஒப்பெராவுக்கு நெருக்கமான பாட்டு நம்மிடம் வேறென்ன இருக்கிறது? காங்கேசன்துறை நடிகமணி வைரமுத்துவின் 'மயான காண்டம்' இசை நாடகம் பார்த்த தலைமுறைக்கு, பாட்டாலேயே கதை நடத்துவதை மிலானிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. கட்டுப்பாடான கச்சேரிக் குரல் உங்களுக்கு வராது என்று நீங்கள் கூச்சப்படுகிறீர்கள். வாசலில் நின்று கேட்கிறவனுக்குக் கச்சேரிக் குரல் எதற்கு?

திட்டு விழும் என்று அஞ்சுகிறீர்கள் என்பதும் தெரியும். 2016 சுதந்திர தினத்தன்று காலிமுகத் திடலில் ஒப்பெராப் பாடகி கிஷானி ஜயசிங்க 'தன்னோ புதுங்கே' என்ற சிங்களப் பௌத்தப் பாட்டை ஒப்பெராக் குரலில் பாடியதற்கு எவ்வளவு வசை வாங்கினார் என்பது கொழும்பில் எல்லோருக்கும் நினைவிருக்கும். (அதே நாளில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, அரச விழாவில் தமிழிலும் தேசிய கீதம் பாடப்பட்டது; எங்கள் வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு.) புனிதம் கெட்டதென்று கோபித்தவர்கள் காக்க நினைத்த பாட்டு, ஜோன் த சில்வாவின் மேடை நாடகத்துக்காக, இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி மெட்டமைத்தது. கிஷானி செய்ததிலும் நீங்கள் ஒத்திகையில் செய்ததிலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: அவர் தம் சொந்தக் குரலில் பாடினார். அப்படிப் பாடி வாங்கும் திட்டை நாமும் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் லயனல் வென்ட் மண்டபம் நமக்குக் கிடைத்திருக்கிறது. பெயர் தந்தவரே பியானோக் கலைஞர் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்த மண்டபத்தின்மேல் தனிப் பிரியம். 'எக்கோ'வைக் கூட்டச் சொல்லி வழக்கம்போல் கைகாட்டாதீர்கள், நான் கூட்டப்போவதில்லை. வாத்தியக்காரரை நான்கு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் மூன்றுக்கே வாருங்கள். ஒலிவாங்கி எதையும் பொருத்தாமல் வைத்திருப்பேன். மேடை நடுவில் நின்று 'வருகலாமோ'வை ஒருமுறை பாடுங்கள். நான் கடைசி வரிசையில் இருந்து கேட்டுவிட்டு, ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறேன். வரும்போது தொண்டைக்குக் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டு வாருங்கள். அங்கே பிளேன்டீ மட்டும்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஒலியமைப்பாளன்